டாக்காவிலிருந்து டெல்லிக்கு ஒரு செய்தி

தந்தி இலாகாவில் 38 வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தச் செய்தியைக் கையில் எடுத்தாலும் என் கண் முதலில் போவது இரண்டு இடத்துக்கு. ஒன்று, அனுப்பும் ஊரில் கொடுத்த நேரம். இன்னொன்று, நம் ஊரில் வந்து சேர்ந்த நேரம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான். இரண்டு நேரத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தால் யாரோ எங்கேயோ அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது யார் என்று கண்டுபிடிக்காமல் எங்கள் சூப்பர்வைசர் விடமாட்டார்.

இந்தப் பழக்கத்தோடுதான் மூன்று மாதமாக 1971ஆம் வருடத்து அமெரிக்க ஆவணங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பங்களாதேஷ் போர் சமயத்தில் வெள்ளை மாளிகைக்குள் நடந்த பேச்சு, போன தந்திகள், ரகசியச் சந்திப்புகளின் குறிப்புகள் எல்லாவற்றையும் அமெரிக்க வெளியுறவுத் துறை 2005இல் தொகுத்து வெளியிட்டது. அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மகன் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறான். தினமும் காலை காபிக்கு அப்புறம் இரண்டு மணி நேரம் அதோடு உட்காருகிறேன்.

போர் நடந்தபோது எனக்கு 19 வயது. மன்னார்குடியில் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு அக்காவின் கணவர் ராணுவத்தில் லாரி டிரைவர், கிழக்கு முனையில் இருந்தார். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. தினமும் காலையில் இடுப்பில் குழந்தையோடு எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்துவிடும். "தம்பி, இன்னைக்கு என்ன போட்டிருக்கான், படிச்சுச் சொல்லு" என்று கேட்கும். நான் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன். தெருவில் சைக்கிள் மணி அடித்தால் போதும், அக்காவின் கை தன்னால் குழந்தையை இறுக்கிக்கொள்ளும். அந்தக் காலத்தில் ராணுவத்தான் வீட்டுக்குத் தந்தி வருகிறது என்றால் வேறு என்ன நினைப்பார்கள்?

டிசம்பர் 15ஆம் தேதி காலை நான் படித்துச் சொன்ன செய்தி எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. அமெரிக்க ஏழாவது கடற்படையின் கப்பல் வங்காள விரிகுடாவை நோக்கி வருகிறது என்பதுதான் அது. "அவனும் சண்டைக்கு வர்றானா?" என்று அக்கா கேட்டது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு ஐம்பது வருடம் கழித்துத்தான் நான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருடத்தின் முதல் பெரிய தந்தி ஏப்ரல் 6ஆம் தேதி டாக்காவிலிருந்து போனது. இன்றைய பங்களாதேஷ் அப்போது கிழக்கு பாகிஸ்தான், டாக்கா அதன் தலைநகரம். மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் கொலைவெறியோடு இறங்கியது. பல்கலைக்கழக விடுதிகளில் மாணவர்களைச் சுட்டார்கள், இந்துக் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். அங்கே அமெரிக்கத் தூதரக அலுவலகத்தின் தலைவராக இருந்தவர் ஆர்ச்சர் பிளட். பார்த்ததையெல்லாம் நாள்தோறும் வாஷிங்டனுக்கு எழுதினார். பதில் இல்லை. கடைசியில் அந்த அலுவலகத்து அமெரிக்க அதிகாரிகள் 20 பேர் கையெழுத்துப் போட்டு, நம் அரசாங்கத்தின் கொள்கை ஒழுக்கத்தில் திவாலாகிவிட்டது என்று ஒரு மறுப்புத் தந்தி அனுப்பினார்கள். பிளட் அதற்குத் தன் ஆதரவையும் சேர்த்துக்கொண்டார். அதை உச்ச ரகசியம் என்று குறிக்காமல் கீழ்நிலை ரகசியமாகத்தான் குறித்திருந்தார்கள். அப்படிக் குறித்தால் இலாகாவில் நிறையப் பேர் கண்ணில் படும். மேலே இருந்தவர்களுக்கு அதில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தத் தந்தி வாஷிங்டனுக்குச் சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது, படிக்கவும் படித்தார்கள். பிளட்டை டாக்காவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த வருடம் ஜூன் மாதமே அவருடைய சக அதிகாரிகளின் சங்கம், துணிந்து மாற்றுக் கருத்து சொன்னதற்காக அவருக்கு விருது கொடுத்தது. ஆனால் அரசாங்கம் அவரை ஓர் ஓரத்து மேஜையில் உட்கார வைத்தது.

ஏன் இப்படி? இன்னொரு செய்தியின் பாதையைப் பார்த்தால்தான் இது புரியும். அமெரிக்க அதிபர் நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸிஞ்சரும் சீனாவோடு ரகசியமாகப் பேச வழி தேடிக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் இரண்டு நாட்டுக்கும் தூதரக உறவு கிடையாது. நடுவில் தபால்காரராக இருந்தவர் பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான். சீனப் பிரதமர் சூ என்லாய் சொல்வது இஸ்லாமாபாத் வழியாக வாஷிங்டனில் இருந்த பாகிஸ்தான் தூதர் ஆகா ஹிலாலியிடம் வரும். அவர் அதைக் கையால் எழுதிய தாளிலிருந்து கிஸிஞ்சருக்குப் படித்துக் காட்டுவார். அமெரிக்காவின் பதில் தலைப்பும் கையெழுத்தும் இல்லாத வெறும் தாளில் போகும். தந்திக் கம்பியே வேண்டாம், எந்த இலாகாவின் பதிவேட்டிலும் ஏறக்கூடாது என்கிற ஏற்பாடு.

ஏப்ரல் 27ஆம் தேதி ஹிலாலி கொண்டுவந்த செய்தியில்தான் அமெரிக்கத் தூதர் ஒருவரைப் பீஜிங்கில் வரவேற்கத் தயார் என்று சூ என்லாய் சொல்லியிருந்தார். அதற்கு மறுநாள் தேதியிட்டு, கிழக்கு பாகிஸ்தான் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று கிஸிஞ்சர் ஒரு குறிப்பு எழுதி நிக்சனிடம் வைக்கிறார். அதன் அடியில் நிக்சன் தன் கைப்பட எழுதுகிறார்: எல்லோருக்கும், இந்த நேரத்தில் யாஹ்யாவை நெருக்காதீர்கள். 'காதீர்கள்' என்கிற இடத்துக்கு அடியில் கோடும் போடுகிறார்.

இந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அன்று என்னால் மேலே படிக்க முடியவில்லை. டேப்லெட்டை மூடிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

ஜூலையில் கிஸிஞ்சர் டெல்லிக்கு வந்தார், அகதிகளைப் பற்றி ஆதரவாகப் பேசினார். அங்கிருந்து இஸ்லாமாபாத் போய், வயிற்று வலி, மலைவாசத்தலமான நத்தியாகலியில் ஓய்வெடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, 9ஆம் தேதி விடியற்காலையில் பாகிஸ்தான் விமானத்தில் பீஜிங்குக்குப் பறந்துவிட்டார். 15ஆம் தேதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி அறிவித்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அதே நேரத்தில் நம் எல்லையைத் தாண்டி அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வருடக் கடைசிக்குள் ஒரு கோடியை நெருங்கிவிட்டது.

சீன வாசல் திறந்தாகிவிட்டதே, இனி யாஹ்யாவைக் கொஞ்சம் நெருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நிக்சன், கிஸிஞ்சர் கணக்கு வேறு. பழைய நண்பன் அடி வாங்கும்போது அமெரிக்கா கைவிட்டுவிட்டால் புதிய நண்பன் சீனா நம்மை என்ன நினைப்பான் என்பது அவர்கள் கவலை. ஆகஸ்ட் 9ஆம் தேதி இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, இது டாக்கா பிரச்சினை என்பதே அவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. மாஸ்கோவுக்கும் தங்களுக்கும் நடக்கிற பலப்பரீட்சையாகத்தான் பார்த்தார்கள். நவம்பரில் இந்திரா காந்தி வாஷிங்டன் போனபோது இரண்டாம் நாள் சந்திப்புக்கு அவரை முக்கால் மணி நேரம் காக்க வைத்தார் நிக்சன். அவர் இல்லாதபோது இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை நிக்சன் அறையிலிருந்த ஒலிப்பதிவு இயந்திரமே பிடித்து வைத்திருக்கிறது. அந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கு எல்லை விமான தளங்களைத் தாக்கின. போர் தொடங்கிவிட்டது. இதற்குப் பிறகு வருகிற 13 நாட்கள்தான் ஆவணங்களில் அடர்த்தியான பகுதி.

வெளியில் அமெரிக்கா சொன்னது, நாங்கள் நடுநிலை. உள்ளே 3ஆம் தேதி அவசரக் கூட்டத்திலேயே, இந்தியா மீது நாம் கடுமையாக இல்லை என்று அதிபர் அரை மணிக்கொரு தரம் என்னைத் திட்டுகிறார், பாகிஸ்தான் பக்கம் சாயச் சொல்கிறார் என்று கிஸிஞ்சர் சொல்கிறார். இந்தக் குறிப்பு ஒரு மாதத்துக்குள் ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் கைக்குப் போய் அச்சேறிவிட்டது. அவருக்கு அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் கிடைத்தது.

ஐ.நா.வில் அமெரிக்கா கொண்டுவந்த போர்நிறுத்தத் தீர்மானத்தை சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டுத் தடுத்தது. பொதுச் சபையில் 7ஆம் தேதி 104 நாடுகள் போரை நிறுத்தச் சொல்லி ஓட்டுப் போட்டன, எதிர்த்தவை 11. இதெல்லாம் மேடையில் நடந்தது, பேப்பரில் வந்தது, அக்காவுக்கு நான் படித்தும் சொன்னேன். மேடைக்குப் பின்னால் நடந்ததைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

முதலில் விமானம். பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுக்க அமெரிக்கச் சட்டத்தில் தடை இருந்தது. ஜோர்டான் மன்னர் உசேனிடம் அமெரிக்கா கொடுத்த எஃப்-104 போர் விமானங்கள் இருந்தன. அவற்றை அனுப்பும்படி யாஹ்யா கேட்கிறார். அனுப்பலாமா என்று மன்னர் அமெரிக்காவைக் கேட்கிறார். கூடாது, சட்டவிரோதம் என்று வெளியுறவுத் துறை வக்கீல்களும் ராணுவத் துறை வக்கீல்களும் எழுதியே கொடுக்கிறார்கள். அப்படியும் வேறு வழியாக, அனுப்பினால் நாங்கள் கண்டுகொள்ள மாட்டோம் என்ற சேதி மன்னருக்குப் போகிறது. சட்டத்தின் தலைமைக் காவலரான அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைப் பேசியிருக்கிறார்கள். தூதரகத் தந்தியில் ஒன்று, கொல்லைப்புறத்தில் வேறொன்று. பத்து விமானங்கள் பாகிஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்தது டிசம்பர் 10 மாலை. நியூயார்க்கில் சிஐஏவுக்குச் சொந்தமான ஓர் அடுக்குமாடி வீடு. இந்தச் சந்திப்பின் குறிப்பு நீளமானது, நான் இரண்டு தரம் படித்தேன். ஒரு பக்கம் கிஸிஞ்சர், அவருடைய உதவியாளர் ஹேக், ஐ.நா.வில் அமெரிக்கப் பிரதிநிதியாக இருந்த ஜார்ஜ் புஷ். பின்னால் அதிபரான அதே புஷ்தான். எதிரில் சீனப் பிரதிநிதி ஹுவாங் ஹுவா. அவர் ஐ.நா.வுக்கு வந்தே ஒரு மாதம்தான் ஆகிறது. கிஸிஞ்சர் ஒளிக்காமல் பேசுகிறார். சட்டப்படி நாங்கள் பாகிஸ்தானுக்கு ஆயுதம் தர முடியாது, ஆனால் ஜோர்டான் தருகிறது என்கிறார். எங்கள் கப்பல்கள் மலாக்கா ஜலசந்தியை நோக்கி வருகின்றன என்று ரகசியத் திட்டத்தையே எடுத்து வைக்கிறார். அதற்கப்புறம்தான் முக்கியமான வரி வருகிறது. இந்தியத் துணைக்கண்டத்து நிலைமை தன் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சீனா கருதி ஏதாவது நடவடிக்கை எடுத்தால், அதில் வேறு நாடு தலையிடுவதை அமெரிக்கா எதிர்க்கும் என்கிறார்.

சுற்றி வளைத்துச் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். நீ இமயமலைப் பக்கம் படையை நகர்த்து, ருஷ்யாவை நான் பார்த்துக்கொள்கிறேன். 1962ஐப் பார்த்த நாடு நம்முடையது. அந்த அறையில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலேயே, சீனா வருமா வராதா என்று எங்கள் திண்ணையில்கூட அப்போது பேசிக்கொண்டிருந்தோம். பனி பெய்து கணவாய் மூடும் மாதம் வரைக்கும் நம் தளபதிகள் காத்திருந்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

அதே சந்திப்பில், உங்களோடு பேசுவதை நாங்கள் சோவியத்காரர்களிடம் சொல்வதில்லை, எங்கள் சகாக்களுக்கே நான் உங்களைப் பார்ப்பது தெரியாது என்றும் கிஸிஞ்சர் சொல்கிறார். ஒரு நாட்டின் வெளியுறவு மந்திரிக்குத் தெரியாமல் அந்த நாட்டின் வெளியுறவு நடக்கிறது. இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. டாக்காவில் இருந்த ஆள் கண்ணால் பார்த்து எழுதியதற்கு அங்கே மதிப்பில்லை. பீஜிங்கில் இருக்கிறவர் என்ன நினைப்பார் என்ற ஊகத்துக்காக ஒரு கப்பற்படையே நகர்கிறது.

12ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை ஹுவாங் ஹுவா உடனே பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். நிக்சனும் கிஸிஞ்சரும் பிரெஞ்சு அதிபர் பொம்பிதுவைச் சந்திக்க அசோர்ஸ் தீவுக்குக் கிளம்பும் நேரம். சீனா படையை நகர்த்தப்போகிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று இருவரும் முடிவே கட்டிவிட்டார்கள். ருஷ்யா பதிலுக்குச் சீனாவை அடித்தால் நாம் சும்மா இருக்க முடியாது என்கிற அளவுக்குப் பேச்சு போகிறது. அணு ஆயுதம் வைத்திருந்த மூன்று நாடுகளைப் பற்றிய பேச்சு அது! அன்றே மாஸ்கோவோடு இருந்த அவசரத் தொடர்பு வழியில் செய்தியும் அனுப்புகிறார்கள். நிக்சன் பதவிக்கு வந்து அந்த வழியைப் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை. கிஸிஞ்சருக்குப் பதிலாக ஹேக் நியூயார்க் போய் ஹுவாங் ஹுவாவைப் பார்க்கிறார். அவர் கொண்டுவந்திருந்த சேதி என்ன தெரியுமா? ஐ.நா.வில் போர்நிறுத்தத்துக்கு முயற்சி செய்கிற அமெரிக்க வழியை நாங்களும் ஆதரிக்கிறோம் என்பதுதான். படையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

செய்தியைப் பிரித்துப் பார்க்கும் முன்னாலேயே உள்ளே இருப்பது என்ன என்று முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும். எத்தனையோ வீட்டு வாசலில் நான் இதைப் பார்த்திருக்கிறேன். தந்தியைப் பார்த்ததுமே அழுகிறவர்கள் உண்டு, பிரித்தால் குழந்தை பிறந்த சேதியாக இருக்கும். ஆனால் அவர்கள் கையில் விமானம்தாங்கிக் கப்பல் இல்லை.

சரி, அந்தக் கப்பல். என்டர்பிரைஸ், அணுசக்தியில் ஓடுவது, அன்றைய நம் விக்ராந்த் கப்பலைப் போல நான்கு மடங்குக்கும் மேல் எடை. வியட்நாம் பக்கத்திலிருந்து 10ஆம் தேதி கிளம்பச் சொல்லி, 15ஆம் தேதி வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. டாக்காவில் இருக்கும் அமெரிக்கர்களை மீட்க என்று வெளியே சொன்னார்கள். ஆனால் டாக்காவிலிருந்து வெளிநாட்டவரை ஏற்கெனவே விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள். மேற்கு பாகிஸ்தானை இந்தியா நொறுக்கிவிடும் என்று கிஸிஞ்சர் நம்பினார், அதைத் தடுக்கவே கப்பல் என்று பின்னாலும் சொல்லிவந்தார். இந்திரா காந்தியின் மந்திரிசபைப் பேச்சு என்று சிஐஏவுக்குக் கிடைத்த ஒரு தகவல்தான் அந்த நம்பிக்கைக்கு முக்கிய ஆதாரம். நேர்மையாகச் சொல்கிறேன், மேற்கில் எவ்வளவு தூரம் போகலாம் என்று டெல்லியில் யாருமே யோசிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மேற்கில் நிலம் பிடிக்கும் எண்ணம் இல்லை என்று டெல்லி மாஸ்கோவிடம் சொன்னது, மாஸ்கோ அதை வாஷிங்டனிடம் சொன்னது. சோவியத் ஒன்றியமும் ஒன்றும் தர்மத்துக்காக நிற்கவில்லை. வீட்டோ மேல் வீட்டோ போட்டு நமக்கு நாள் வாங்கிக் கொடுத்த கையோடு, துணை வெளியுறவு மந்திரி குஸ்நெட்சோவை டெல்லிக்கு அனுப்பி, சீக்கிரம் முடியுங்கள் என்று நெருக்கவும் செய்தது. பெரிய நாடுகள் எல்லாமே தன் கூட்டாளியின் போரில் தன் கணக்கையும் சேர்த்தேதான் எழுதுகின்றன. ஆனால் 1971இல் யார் கணக்கில் எத்தனை பிணம் விழுந்தது என்று பார்த்தால் எல்லாம் ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

டிசம்பர் 14. டாக்காவில் கவர்னர் மாளிகை மீது நம் மிக் விமானங்கள் குண்டு வீசின. கவர்னர் மாலிக் பதுங்கு குழிக்குள் உட்கார்ந்து, நடுங்கும் கையால் பால்பாயிண்ட் பேனாவில் ஒரு துண்டுத் தாளில் ராஜினாமா எழுதினார். பிறகு ஷூவையும் சாக்ஸையும் கழற்றி, கால் கழுவி, தொழுகைக்கு உட்கார்ந்தார். ஐ.நா. அதிகாரி ஒருவரும் பிரிட்டிஷ் நிருபர் ஒருவரும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள். அன்று மாலை கிழக்கில் பாகிஸ்தான் படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் நியாஸி, கூடவே கவர்னரின் ராணுவ ஆலோசகர் ஃபர்மான் அலி, இருவரும் அமெரிக்கத் தூதரக அலுவலகத்துக்குப் போனார்கள். பிளட் இருந்த நாற்காலியில் அப்போது ஹெர்பர்ட் ஸ்பிவாக் இருந்தார். சண்டையை நிறுத்தத் தயார், இதை இந்தியாவுக்குத் தெரிவியுங்கள் என்று நியாஸி எழுதிக் கொடுத்தார்.

நான்கு நாளைக்கு முன்னால் ஃபர்மான் அலி ஐ.நா. அதிகாரி மூலம் இதேபோல ஒரு சேதி அனுப்பி, அதை யாஹ்யா ரத்து செய்திருந்தார். இந்தத் தடவை நியாஸிக்கு இஸ்லாமாபாத்தின் அனுமதி இருந்தது.

டாக்காவிலிருந்து நம் கிழக்குப் படைத் தலைமையகம் இருந்த கல்கத்தா 250 கிலோமீட்டர்கூட இல்லை. டெல்லியில் அமெரிக்கத் தூதரகம் இருக்கிறது. ஸ்பிவாக் செய்தியை டெல்லிக்கு அனுப்பவில்லை, வாஷிங்டனுக்கு அனுப்பினார். விதிப்படி அவர் செய்தது தவறில்லை, ஒரு தூதரக அதிகாரி மேலிடத்தைக் கேட்காமல் இரண்டு ராணுவத்துக்கு நடுவில் நிற்க முடியாது. ஆனால் வாஷிங்டனில் என்ன நடந்தது? யாஹ்யாவுக்குச் சம்மதம்தானா என்று இஸ்லாமாபாத்தைக் கேட்டார்கள். நியூயார்க்கில் ஐ.நா. கூட்டத்துக்கு வந்திருந்த பாகிஸ்தான் வெளியுறவு மந்திரி பூட்டோவிடமும் சொல்ல நினைத்தார்கள். கடைசியில் அந்தச் செய்தி டெல்லியில் நம் ராணுவத் தளபதி ஜெனரல் மானெக்‌ஷா கைக்கு வந்தபோது 15ஆம் தேதி மதியம் இரண்டரை மணி. ஏறக்குறைய ஒரு நாள்! அது கைக்கு வந்த சில மணி நேரத்திலேயே, அன்று மாலை ஐந்து மணியிலிருந்து விமானத் தாக்குதலை நிறுத்துகிறோம், சரணடையுங்கள் என்று மானெக்‌ஷா பதில் அனுப்பிவிட்டார்.

எங்கள் அலுவலகத்தில் சாவுச் சேதிக்கு முன்னுரிமை. கல்யாண வாழ்த்து எத்தனை குவிந்து கிடந்தாலும் அதை நிறுத்திவிட்டு இதை அனுப்புவோம். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை, கை தானாக அதைத்தான் எடுக்கும். ஒரு நகரத்தின் சாவை நிறுத்தக்கூடிய சேதி ஒரு நாள் முழுக்க வழியில் கிடந்தது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த ஒரு நாளில் டாக்காவில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணையாக இருந்த அல் பதர் என்ற கும்பல் வங்காளி அறிவாளிகளின் பெயர்ப் பட்டியலோடு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. பேராசிரியர் முனீர் சவுத்ரியை 14ஆம் தேதி கூட்டிப்போனார்கள். எழுத்தாளர் ஷஹீதுல்லா கைசரையும் 14ஆம் தேதிதான். இதய மருத்துவர் ஃபஸ்லே ரப்பி, கண் மருத்துவர் ஆலிம் சவுத்ரி, இருவரையும் 15ஆம் தேதி. ஆலிம் சவுத்ரி, ரப்பி இருவரின் உடலும் 18ஆம் தேதி ராயேர்பஜார் செங்கல் சூளைப் பள்ளத்தில் கிடைத்தன. டாக்காவில் இன்றும் டிசம்பர் 14 துக்க நாள்.

செய்தி உடனே போயிருந்தால் இவர்கள் பிழைத்திருப்பார்களா என்று கேட்டால், தெரியாது. அந்தக் கும்பல் எந்தத் தந்திக்கும் காத்திருக்கவில்லை. போர் ஒன்றும் விளக்கு சுவிட்ச் இல்லை. ஆனால் யாருக்குப் போக வேண்டிய செய்தியோ அவருக்குப் போகாமல் அது வேறொரு கண்டத்தைச் சுற்றி வந்தது என்பது உண்மை. ஒன்பது மாதமாக டாக்காவிலிருந்து போன எல்லாச் செய்திக்கும் அந்தக் கதிதான். பிளட்டின் தந்தியிலிருந்து நியாஸியின் சீட்டு வரை எல்லாமே வேறு யாருக்கோ பதில் சொல்லிவிட்டு வரிசையில் காத்திருந்தன.

15ஆம் தேதி காலை எங்கள் திண்ணையில் என்டர்பிரைஸ் கப்பலைப் பற்றிப் படித்துச் சொன்னேனே, அக்கா பயந்துபோய் உட்கார்ந்திருந்ததே, அந்த நிமிடத்தில் சண்டையை நிறுத்தும் சேதி ஏற்கெனவே எழுதப்பட்டு அமெரிக்கர்கள் கையில் இருந்தது. ஆவணத்தில் தேதியைப் பார்த்து இதை நான் கண்டுபிடித்தபோது முதலில் அக்காவுக்குத்தான் சொல்லத் தோன்றியது. அக்கா போய் எட்டு வருடம் ஆகிறது.

16ஆம் தேதி மாலை டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நியாஸி கையெழுத்துப் போட்டார். 93,000 பேர் சிறைப்பட்டார்கள். மறுநாள் மேற்கிலும் இந்தியா தானாகவே சண்டையை நிறுத்தியது. போர்நிறுத்தம் வருகிறது என்று தெரிந்ததும் கிஸிஞ்சர் நிக்சனுக்குப் போன் செய்து, வாழ்த்துகள், நீங்கள் மேற்கு பாகிஸ்தானைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்கிறார். அந்தப் போன் பேச்சும் தொகுப்பில் இருக்கிறது.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம் தந்திக்காரர் எதிர் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். சண்டை முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் அக்கா வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாங்கமாட்டேன் என்றது. நான்தான் ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தேன். இங்கிலீஷில் மூன்றே வார்த்தை. வியாழக்கிழமை வந்துவிடுவேன் என்று கதவைப் பார்த்துக் கத்தினேன். "யாரு வர்றது, பேரைச் சொல்லு" என்றது அக்கா. சொன்னேன். காலையில் ஒன்பதே காலுக்குக் கல்கத்தாவில் கொடுத்திருந்தார், மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.